எட்டு கோர், ஒரு நாற்காலி

"பதினாறா?" என்றாள் முத்துசெல்வி. "லாட்ஜ் பில்லு போடப் பதினாறு கோர் எதுக்கு?"

தென்காசியில் ஸ்டான்லியின் கம்ப்யூட்டர் கடை. வெளியே சாரல். உள்ளே அவள் புருஷன் குத்தாலிங்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். பாத்ரூமில் ஒத்திகையே பார்த்திருந்தார்.

"ஏட்டி, கோர்னா உள்ள இருக்குத வேலையாளு மாதிரி. கேமராவுக்கு ஒண்ணு. பில்லுக்கு ஒண்ணு. புக்கிங்குக்கு ஒண்ணு. சீசன் நேரம்லா?"

"மிச்சப் பதிமூணு பேரும் உக்காந்து சாப்பிடுவானா?"

குத்தாலிங்கம் மின்விசிறியைப் பார்த்தார்.

உண்மை என்னவென்றால், பில்லும் இல்லை, புக்கிங்கும் இல்லை. அவருக்கு விமானம் ஓட்ட வேண்டும். கம்ப்யூட்டரில்தான். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அஸ்ஸாமில், ஜோர்ஹாட் விமானத்தளத்தில் அவர் முறுக்காத நட்டு கிடையாது. ஆனால் ஒரு நாள்கூட விமானம் ஓட்டியதில்லை. இன்ஜினைச் சரி பார்ப்பார். கீழே இறங்குவார். நேற்று மீசை முளைத்த பையன் ஒருத்தன் வந்து ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். இவர் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார். இருபது வருஷம் இப்படியே போனது.

இப்போது குற்றாலத்தில் சின்ன லாட்ஜ். ஒரு நாள் துவைத்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தபோது போனில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் கேம் வீடியோ ஒன்று வந்தது. ஜோர்ஹாட் ஓடுபாதை. அப்படியே இருந்தது. சுற்றிலும் தேயிலை, ஓரமெல்லாம் மழை ஈரம். சாகிறதுக்குள் அந்த பைலட் சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை மேலே எழும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பதினாறு கோர் என்பது மெக்கானிக் புத்தி. இரண்டு இன்ஜினைவிட நாலு இன்ஜின் நல்லது என்றால், எட்டைவிடப் பதினாறு நல்லதுதானே?

"ஸ்டான்லி தம்பி, லாட்ஜ் வேலைக்கு எத்தனை போதும்?" முத்துசெல்வி நேராகவே கேட்டாள்.

ஸ்டான்லி தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிறவன். பொய் வராது. "நாலே ஜாஸ்தி மதினி."

"அப்ப நாலு போடுங்க."

"நாலா!" குத்தாலிங்கம் எழுந்தே விட்டார். நாலில் விமானம் எழும்பாது, நொண்டும். "ஏட்டி, நாளைக்கு லாட்ஜ் பெருசாகும்லா?"

"இன்னொரு மாடி கட்டும்போது பாத்துக்கிடலாம்."

"கூட இருந்தா வேற வேலைக்கும் ஆகும்."

"என்ன வேலை?"

"இருக்கும்லா... சில வேலை."

"விமானம் ஓட்டுத வேலையா?"

குத்தாலிங்கம் ஸ்டான்லியை முறைத்தார். ஸ்டான்லி சுத்தமாக இருந்த ஒரு கீபோர்டைத் துடைத்தான்.

"அவனை ஏன் முறைக்கீங்க? தூக்கத்துல என் கையைப் பிடிச்சு முன்னயும் பின்னயும் ஆட்டுதீங்க. 'சக்கரத்தை மடக்கு, மடக்கு'ன்னு என் முழங்காலைத் தட்டுதீங்க. நான் மனுசியா, விமானமா?"

"சரி. விமானத்துக்குத்தான். அதான் பதினாறு."

"விமானத்துக்கும் பதினாறு வேண்டாம்."

"உனக்கு என்னட்டி தெரியும்?"

"ஐந்தருவியில அஞ்சு கிளையா விழுது. உங்களுக்குத் தலை எத்தனை? நிக்குத கிளையில தண்ணி பலமா விழுந்தா போதாதா? இந்த விமான கேம்ல முக்கால்வாசிப் பாரம் ஒரே கோர் தலையிலதான். மத்தது கூடமாட எடுத்துக் கொடுக்கும். வேகமான எட்டு இருந்தா பிச்சிக்கிட்டுப் போகும்."

குத்தாலிங்கம் கடைக்காரன் பக்கம் திரும்பினார். "ஏலே ஸ்டான்லி, இவளுக்கு யாருலே இதெல்லாம் சொன்னா?"

ஸ்டான்லி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தான். எல்லாம் மாட்டி, ஒட்டி, கட்டி, தயாராக இருந்தது.

"எட்டு கோர் அண்ணாச்சி. நீங்க போன் போடுததுக்கு முன்னாலயே மதினி சொல்லிட்டாங்க."

"அப்ப இம்புட்டு நேரம் என்னைக் கேள்வி கேட்டது?"

"எவ்வளவு தூரத்துக்குப் புளுகுவீங்கன்னு பாத்தேன்" என்றாள் முத்துசெல்வி.

தோற்றாலும் விமானம் கிடைத்துவிட்டது. குத்தாலிங்கம் பெட்டியைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ குற்றாலம் ரோட்டில் திரும்பியது.

"ஜோர்ஹாட் குவார்ட்டர்ஸ் தகரக் கூரை ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள். "ஒரு விமானம் கிளம்புனா அடுக்களையில பாத்திரம் பூராம் ஆடும். எத்தனை தடவை பால் கொட்டியிருக்கேன். அப்பம்லாம் திட்டுவேன். இப்ப அந்தச் சத்தம் இல்லாம என்னமோ வீடு மாதிரியே இல்ல."

"ம்."

"ஒரு தடவை ஊருக்குப் போக விமானத்துல ஏத்திவிடுதேன்னு சொன்னீங்க. பெட்டியைக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன். நீங்க டயருக்கு அடியில படுத்துக்கிட்டு, இன்னைக்கு முடியாதுன்னு ஆள் விட்டீங்க. அப்புறம் ரயிலு. மூணு நாளு. ஊறுகாயும் சப்பாத்தியுமா."

குத்தாலிங்கம் சாரலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

லாட்ஜ் முன்னறையில் எல்லாம் மாட்டியாயிற்று. திரையில் ஜோர்ஹாட். ஓடுபாதை. இரட்டை இன்ஜின் விமானம். குத்தாலிங்கம் நாற்காலியைத் துண்டால் துடைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். திரும்புவதற்குள் முத்துசெல்வி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, அது பைலட் சீட்டு."

"தெரிஞ்சுதான் உக்காந்தேன்."

"எனக்குல்லா வாங்குனது?"

"லாட்ஜுக்குன்னு சொன்னீங்க. லாட்ஜ் யாரு பேர்ல இருக்கு?"

அவள் பேரில்தான் இருக்கிறது.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"நீங்க பாத்ரூம்ல உக்காந்து போன்ல பாத்த விமானப் பாடம் பூராம் வெளிய எனக்கும் கேட்டுச்சு."

அதற்குள் மாடியிலிருந்து ஒரு குரல். "அண்ணாச்சி, வெந்நி!" அருவியில் குளிக்க மதுரையிலிருந்து வந்தவர்.

"போங்க. அவருக்கு வெந்நி கொடுங்க" என்றாள் முத்துசெல்வி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் ஊருக்குக் கிளம்புதேன்."

இன்ஜின் உறுமியது. ஓடுபாதை ஓட ஆரம்பித்தது. விமானத்தின் மூக்கைத் தூக்கச் சொல்ல அவர் வாயெடுத்தார். அதற்குள் அவளே இழுத்துவிட்டாள். மூக்கு மெல்ல உயர்ந்தது. இத்தனை வருஷம் அவர் கீழே நின்று பார்த்தது விமானம் சிறுத்துப் போவதைத்தான். இன்றைக்குத் தரை சிறுத்தது. தேயிலை சிறுத்தது. ஓரத்தில் தகரக் கூரைகள்.

"அந்தா நம்ம வீடு!" என்றாள்.

"அது அடுத்த பிளாக்கு."

"வாயை மூடுங்க. வெந்நி கொடுத்தாச்சா?"

மாடியிலிருந்து மறுபடி குரல் வந்தது. குத்தாலிங்கம் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போகவில்லை.