டொமிங்கோவின் வாளைப் புளி போட்டுத் தேய்த்த மைத்துனனுக்கு

ஆலன், டெக்சாஸ்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மைத்துனர் நஞ்சுண்டனுக்கு, உன் அக்காள் கணவன் கிட்டுசாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் வசந்தாமணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சான் ஹோசேயில் நீயும் உன் குடும்பமும் நலமாயிருக்கச் சென்னிமலை ஆண்டவரை வேண்டுகிறேன். உன்னை நலம் விசாரிப்பது இதுவே கடைசி முறை.

பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ்காரர் டொமிங்கோ, ‘முப்பது வருஷம் ஃபவுண்டரியில் இருந்தவர் நீங்கள், இது என்ன வாள், எப்படிச் சரிசெய்வது என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று தன் பாட்டனாரின் வாளை என்னை நம்பிக் கொடுத்தார். பாட்டனாருடையதென்று அந்தக் குடும்பத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். மூன்று வாரம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, அலகின் நெளிவுகளை எண்ணி, கைப்பிடி முனையின் கிளிமூக்கைப் பார்த்து, பிடிக்குக் கீழே இரும்பு தனித்துண்டாகப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடித்து, இது மிண்டனாவ் தீவின் மோரோ மக்களுடைய பழைய கிரிஸ் வாள் என்று நிச்சயம் பண்ணினேன். எண்ணெய்த் துணி தவிர எதுவும் படக்கூடாது, அந்தக் கறுப்புதான் அதன் வயசு என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னேனா இல்லையா?

ஆயுத பூஜைக்கு வந்தவன் சாமி கும்பிட்டோமா, சுண்டல் தின்றோமா என்று இருக்க வேண்டியதுதானே? நான் பொரி வாங்க இந்தியன் ஸ்டோர் போய் வருவதற்குள், ‘ஆயுதத்தை அழுக்கோட சாமி முன்னாடி வெக்கறதாக்கா?’ என்று குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்து, போதாக்குறைக்கு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊறவைத்து, கார் சாவிக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் நடுவில் வைத்து மூணு இடத்துல சந்தனம் குங்குமம்! நூறு வருசக் கறுப்பு அரை மணி நேரத்துல சிங்க்ல போயிருச்சேடா! அறிவிருக்கா உனக்கு? உங்கக்கா வேற, ‘பளிச்சுனுதான இருக்குது, எதுக்குங்க கத்தறீங்க’ங்கறா. நாளைக்கு அந்த மனுசன் வந்து கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது? வயிறு எரியுது எனக்கு. இனிமே தீபாவளி, நோம்பின்னு இந்த வாசப்படிய மிதிச்சே, நான் மனுசனா இருக்க மாட்டேன்.

குழந்தை அதிதிக்கு என் ஆசீர்வாதம். அவள் அப்பனுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
கிட்டுசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டொமிங்கோ வந்துவிட்டார், நாளைக்கு வர வேண்டியவர். வாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பு போன இடமெல்லாம் மரத்தின் வரி மாதிரி இரும்பில் வரிவரியாக ஓடுகிறது. கோபத்தில் நான் கவனிக்கவே இல்லை. அவர் பாட்டனாரும் எலுமிச்சைச் சாறு தடவித்தான் அந்த வரியை வரவழைப்பாராம். மனுஷர் அழுதேவிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் அண்ணன் இன்னும் இரண்டு வாளோடு வருகிறாராம். கடிதம் கண்டதும் ஃபிளைட் பிடித்து வா மாப்ளே. யார் கேட்டாலும், என்னிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்திருப்பதாகச் சொல்.