உலகம் அழிந்த வாரம்

கல்யாணம் ஆனதிலிருந்து நான் ஒரே ஒரு விஷயத்தில்தான் விடாப்பிடியாக நின்றிருக்கிறேன். இந்த லீவில் படுக்கையறைக்குப் பெயின்ட் அடிக்க மாட்டேன். வீடியோ கேம் விளையாடப் போகிறேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவன். "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா" என்று வருஷம் பூராவும் கேட்டே தொண்டை வறண்டவன். அணுகுண்டில் அழிந்த உலகம், கையில் துப்பாக்கி, எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம் என்று அந்த கேமின் விளம்பரத்தைப் பார்த்ததும் சொக்கிப் போனேன். அது வெளிவரும் வாரத்துக்கே லீவு போட்டேன். மனைவியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். இப்படி ஒரு விளையாட்டு வந்ததே இல்லை, இனி வரப்போவதும் இல்லை என்று அளந்துவிட்டேன். அவளும் பெயின்ட் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது. படு மொக்கை. உலகம் பெரிசுதான். ஆனால் எங்கே போனாலும் அதே துருப்பிடித்த பஸ், அதே மொட்டைத் தலை ரவுடி. சுட்டால் விழுவான். மலையைத் தாண்டிப் போனால் அங்கேயும் அவனேதான் நிற்பான். தப்பிப் பிழைத்த நாலு நல்லவர்களும் என்னைக் கண்டதும் மருந்து வாங்கி வா, பேட்டரி வாங்கி வா என்று விரட்டினார்கள். இதற்கு உலகம் அழிய வேண்டுமா? வீட்டிலேயே ஆள் இருக்கிறாளே.

எனக்கு அழுகையே வந்தது. வெளியே சொன்னால் மானமும் போகும், டப்பாவும் வரும். அதனால் அவள் காதில் விழும்படி அவ்வப்போது "தூள்!" என்று கத்திக்கொண்டு மொட்டையனைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது சமையலறையிலிருந்து, குழாய் ஒழுகுகிறது என்றாள். ஒரே ஓட்டமாகப் போய் நின்றேன். எனக்கு அது விடுதலை. அவளோ அதைத் தியாகம் என்று நினைப்பாள் என்பது என் கணக்கு. மறுநாள் பீரோவை நகர்த்தினேன். துணி மடித்தேன். வாரக் கடைசியில் கண்ணுக்கு ரெஸ்ட் வேண்டும் என்று சாக்குச் சொல்லி, நானே டப்பாவை வெளியே இழுத்து அறை முழுக்க அடித்து முடித்தேன். அவள் கீழே உட்கார்ந்து கதை பேச, நான் ஸ்டூலில் நின்று சிரிக்க, பொழுது போனதே தெரியவில்லை.

டீயை நீட்டியபடி கேட்டாள். "கேம் நல்லாவே இல்ல, அப்படித்தானே?"

"யாரு சொன்னா? பிரமாதமா இருக்கு."

"பிடிச்சிருந்தா, நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் உங்களுக்குக் காது கேக்காதுங்க. இந்தத் தடவை ஒரே குரலுக்கு ஓடி வந்தீங்க. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எவ்வளவு ஆசையா வாங்கினீங்க. அதை உங்க வாயாலயே மட்டம்னு சொல்ல வைக்க மனசு வரல."

என் மூக்கில் ஒட்டியிருந்த பெயின்டைத் துடைத்துவிட்டாள். இவளிடம் போய் ஒரு வாரமாக நடித்தேனே என்று வெட்கமாக இருந்தது. அவள் மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. இனி விளையாட்டே வேண்டாம், அடுத்த லீவு முழுக்க உன்னோடுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "அடுத்த லீவுக்கும் இதே மாதிரி மட்டமானதாப் பார்த்து ஒண்ணு வாங்கிடுங்க. ஹால் பாக்கி இருக்கு."