இருபது பாட்டில் ஆப்ரிகாட் பழரசம்

"இருபது பாட்டில் போதும்" என்றார் மேனேஜர், ஏதோ பெரிய மனது பண்ணிக் குறைத்துக்கொண்டவர் மாதிரி. "திங்கக்கிழமை காலையில கொண்டுவந்துடுங்க."

"ஆகட்டும் சார்" என்றார் ஆகட்டுமார்.

பதிவறை எழுத்தருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. பதினெட்டு வருட சர்வீஸில் 'முடியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அது வராததால் வந்த வினைகளைக் கோப்பு போட்டு வைத்தால் அலமாரி கொள்ளாது.

"யாருக்கு சார், இவ்ளோ?"

"வேண்டிய இடத்துக்கு. மானப் பிரச்சினை, கை விட்டுடாதீங்க." மேனேஜர் மேசைமேல் இருந்த ஒரு தாளைத் தட்டினார். "அன்னிக்குத்தான் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்டும் அனுப்பணும். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிளைக்கு ஒரு ஆள் கேக்கறாங்க. பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' தன்னைக் குறிவைத்துச் சொன்னது என்று ஆகட்டுமாருக்குப் புரிந்துவிட்டது. பத்து வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, மூன்று மாதம் முன்புதான் அவர் மனைவிக்குத் தெருமுனை நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது. தினமும் காலையில் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவள் கிளம்புகிற அழகே தனி. மாற்றல் வந்தால் ஒன்று அவள் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது இவர் மலைக்கு அந்தப் பக்கம் தனியாகப் பொங்கித் தின்ன வேண்டும்.

இத்தனைக்கும் காரணம் அரை டம்ளர் பழரசம். போன வருடம் ஒரு மதியம், கடையில் வாங்கிய ஆப்ரிகாட் பழரசத்தை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனவர், மரியாதைக்கு மேனேஜரிடமும் கொஞ்சம் நீட்டினார். "அடடா! யாரு போட்டது?" என்று கேட்டார் மேனேஜர். கடையில் வாங்கியது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? "நான்தான் சார், வீட்லயே" என்று சொல்லித் தொலைத்தார்.

அன்று மாலை வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள். "அதே கடையில இருபது வாங்கிக் குடுத்துடுங்க. விட்டது தொல்லை."

ஓடினார். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. 'வெளியூர்ப் பயணம். திங்கள் காலை எட்டு மணிக்குத் திறக்கும்' என்று ஒட்டியிருந்தது. மற்ற கடைகளில் எல்லாம் அட்டைப்பெட்டி ஜூஸ்தான். மேனேஜர் என்ன, பூனைகூட ஏமாறாது.

"கடைக்காரம்மா வராமப் போயிட்டா? நாமளே போட்டுடலாம்" என்றார் திரும்பி வந்து.

"நாமளா? பொய் சொன்னவரே பழத்தையும் வெட்டட்டும். வேணும்னா லைப்ரரிலேர்ந்து புஸ்தகம் எடுத்துட்டு வந்து படிச்சுச் சொல்றேன்."

சனிக்கிழமை காலை மைத்துனன் வந்து சேர்ந்தான். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்றுதான் இருந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்பது. "இதெல்லாம் ஒரு வேலையா அத்தான்? நான் இருக்கேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டான்.

சந்தையில் ஆகட்டுமார் ஒவ்வொரு ஆப்ரிகாட்டாக அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கல் மாதிரி இருந்தவற்றைப் பொறுக்கினார். கனிந்ததையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார். நாள்பட நிற்கும் எதன்மீதும் பதிவறைக்காரருக்கு ஒரு மோகம்.

பிளந்து, கொட்டை நீக்கி, தண்ணீர் விட்டு வேகவைத்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பழம் மசிவேனா என்றது. மத்தால் கடைந்து, சல்லடையில் தேய்த்து, தோள்பட்டை கழன்றபிறகு ஒரு கரண்டி எடுத்து மைத்துனன் வாயில் வைத்தான். அவனுடைய இடது கண் தானாக மூடிக்கொண்டது.

"சர்க்கரை" என்றான், கண்ணைத் திறக்காமலே.

போட்டார்கள். போதவில்லை. மறுபடி போட்டார்கள். கொதித்து இறுகி, நட்ட கரண்டி நட்டபடி நின்றது.

"தண்ணி விடுங்க அத்தான்."

விட்டார். அவன் இன்னும் விடுங்க என்றான். ஆகட்டும் என்று இன்னும் விட்டார். பானை நிரம்பி, பாதியைக் குக்கரில் மாற்றினார்கள்.

"இப்ப எப்படிடா இருக்கு?"

மைத்துனன் யோசித்து யோசித்துக் குடித்தான். "தண்ணிகிட்ட போய் ஆப்ரிகாட்டைப் பத்திப் பேசிட்டு வந்த மாதிரி இருக்கு."

மறுபடி சந்தை. இம்முறை கனிந்த பழம், எட்டுக் கிலோ. அதையும் வேகவைத்துக் கலந்ததும் ருசி என்னவோ கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் பானை போதாமல், குக்கர் போதாமல், வாளிக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை.

அடுத்தது பாட்டில். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி, கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்து வரிசையாக நிறுத்தினார்கள். மனைவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து புத்தகத்தைப் படித்தாள். "சூடா ஊத்தணும். கழுத்துக்குக் கீழ ரெண்டு விரக்கடை காலி விடணும்."

"காலியா?" ஆகட்டுமாருக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடமாக எந்தப் பதிவேட்டிலும் எந்தக் கட்டத்தையும் அவர் வெறுமனே விட்டதில்லை. "காலி விட்டா எவனாவது பின்னால வந்து எதையாவது சேர்த்துடுவான்."

"பாட்டிலுக்குள்ள வந்து யாருங்க எழுதப்போறா?"

ஆனால் கை பழக்கத்தை விடுமா? இருபதையும் தளும்பத் தளும்ப நிரப்பி, தக்கையை அடித்து இறக்கினார். அதோடு நின்றாரா? ஆபீஸ் பார்சலுக்கு வைக்கும் சிவப்பு அரக்கைக் கொண்டுவந்து, உருக்கி, ஒவ்வொரு தக்கையின் மேலும் ஊற்றினார். இருபது பாட்டிலும் கோர்ட்டுக்குப் போகிற சாட்சியங்கள் மாதிரி நின்றன. தன் கைவேலையைப் பார்த்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

மனைவி பக்கத்தைத் திருப்பினாள். "மூடினப்புறம் பாட்டிலைத் தண்ணிக்குள்ள வெச்சு அரை மணி கொதிக்க விடணுமாம்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"இது அடுத்த பக்கத்துலல்ல இருக்கு!"

பெரிய அண்டாவில் பாட்டில்களை அடுக்கி அடுப்பை மூட்டினார்கள். முதலில் அரக்கு உருகியது. தண்ணீர் சிவந்தது. "நல்ல கலரா இருக்கு அத்தான்" என்று எட்டிப் பார்த்தான் மைத்துனன்.

முதல் தக்கை அவன் நெற்றியில் பட்டது. இரண்டாவது மின்விசிறியில் மோதித் திரும்பி வந்தது. மூன்றாவதிலிருந்து யாரும் எண்ணவில்லை, ஏனென்றால் மூவரும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தார்கள். தலைக்குமேல் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து பழரசம் சொட்டியது.

"மன்னிச்சுக்கோ" என்றார் ஆகட்டுமார். "எனக்கு மலையைப் பத்திக்கூடக் கவலையில்ல. உன் சாவிக்கொத்து போயிடுமேன்னுதான்."

மனைவி முந்தானையால் அவர் மூக்கிலிருந்த பழச்சக்கையைத் துடைத்துவிட்டாள். "மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"ஆகட்டும்" என்றார்.

அவருடைய 'ஆகட்டும்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா? பெருமூச்சு விட்டாள்.

மிஞ்சியவை மூன்று பாட்டில். அவற்றிலும் அரக்கு இறங்கியிருந்தது. குடிக்கலாமா என்று மைத்துனனைக் கேட்டபோது, அவனுக்கு அவசரமாக ஒரு பாலிசிதாரரைப் பார்க்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கே ஆகட்டுமார் இரண்டு பெரிய பைகளோடு கடை வாசலில் நின்றார். சரியாக எட்டு மணிக்குக் கடைக்காரம்மா ஷட்டரைத் தூக்கினாள். அவளைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"அம்மா, ஆப்ரிகாட் ஜூஸ் இருபது பாட்டில் வேணும். உடனே."

"ஒண்ணுகூட இல்லையே சார். போன மாசமே தீர்ந்துபோச்சு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு வரும்."

"ஐயோ, எனக்குப் பத்து மணிக்குள்ள வேணும்மா! இதுல என் குடும்பமே இருக்கு. உங்களுக்குப் போட்டுக் குடுக்கறது யாருன்னு மட்டும் சொல்லுங்க, அவங்க வீட்டுக்கே போய்க் காலைப் பிடிச்சாவது வாங்கிக்கறேன்."

கடைக்காரம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"போயும் பிரயோஜனமில்ல சார். எப்பவும் அந்தப் பெரிய ஆபீஸ் மேனேஜரோட வீட்டம்மாதான் போட்டுத் தருவாங்க, பாவம், கை உடைஞ்சு கட்டுப் போட்டிருக்காங்க. ஆனா நேத்து மேனேஜரே போன் பண்ணிட்டாரு, அவர் ஆபீஸ் ரெக்கார்டு ரூம்ல ஒருத்தர் அச்சு அசல் அந்தம்மா கைப்பக்குவத்துலயே போடுவாராம், இன்னிக்குக் காலையில இருபது பாட்டில் கொண்டுவந்து குடுக்கறாராம்!"