மொழி சரி, ஓட்டைதான் பிழை

போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள்: “அப்பா, யூனிவேசிற்றியில யப்பான் மொழி படிச்சா என்ன வேலை கிடைக்கும்?”

வன்னி நிலத்தில் இந்தக் கேள்விக்குச் சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடிய ஒரே பட்டதாரி நான்தான். ஆகையால் சோற்றை இன்னும் கவனமாகப் பிசைந்தேன். குசினிக்குள் சட்டி கழுவிக்கொண்டிருந்த என் மனைவி தவமணி முதுகைக் காட்டித்தான் நின்றாள். ஆனால் அந்த முதுகு குலுங்கியது.

ஓம், நான் யப்பானிய மொழி படித்தவன். அது அறுபதுகளின் நடுப்பகுதி. சிங்களம் படித்தால்தான் கந்தோரில் உத்தியோகக் கதிரை என்றது அரசாங்கம். இங்கிலீசு படித்தால்தான் மனிசன் என்றார் அப்பா. இரண்டு பகுதியையும் பகைக்கக்கூடாது என்று நான் யப்பானைப் பிடித்துக்கொண்டேன். (நடுநிலைமை என்றால் சும்மாவா?)

பாளி ஆராய்ச்சிக்கென்று கொழும்புக்கு வந்திருந்த ஒரு யப்பானியப் பிக்கு எங்களுக்குப் படிப்பித்தார். உதிரும் பூ, குளத்தில் நடுங்கும் நிலா, கூட்டத்தை விட்டுத் தனியே பறக்கும் கொக்கு. இவற்றைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இருப்பதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டம் வாங்கி வெளியே வந்தபோது, ஓர் இலை தரையைத் தொடும் ஓசையை யப்பானிய மொழியில் விதம் விதமாகச் சொல்ல என்னால் முடிந்தது. பஸ் எப்போது வரும் என்று கேட்கத்தான் தெரியாது.

எங்கள் ஊரான கனகராயன்குளத்தில் அப்பா என்னை ஏற்கெனவே யப்பானுக்குத் தூதுவராக நியமித்திருந்தார். அரசாங்கம் அறிவிப்பதுதான் பாக்கி. தூதுவர் காலையில் கவிதை எழுதினார், மத்தியானம் சாப்பிட்டார், பின்னேரம் எழுதியதைக் கிழித்தார். என் படிப்பின் பயனைச் சரியாகக் கண்டுபிடித்தது ஊர்தான். யப்பான் றேடியோ இரைந்தால் அது என்னிடம் வந்தது. யப்பான் தையல் மெசின் நூலை அறுத்தால் அதுவும் வந்தது. பிடி உடைந்த யப்பான் கோப்பை ஒன்று வந்த அன்றுதான் அம்மா அழுதா.

நான் றேடியோவைத் திருப்பி, பின்பக்கத்தை முகம் சுளித்து ஆராய்ந்து, “இது யப்பானிலை செய்தது எண்டு போட்டிருக்கு” என்பேன்.

“அது எங்களுக்கும் தெரியும் தம்பி” என்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

இந்த நிலையில்தான் முல்லைத்தீவிலே கடை வைத்திருந்த ஹனீபா முதலாளி என்னைத் தேடி வந்தார்.

“தம்பி, நான் யப்பான் மெசின் எடுத்து விக்கப்போறன். தண்ணி இறைக்கிற மெசின். தோட்டம் செய்யிற கமக்காரர் தொடவே பயப்படுறாங்க. மெசினோட அதின்ர பாசை தெரிஞ்ச ஆளும் கடையில இருக்குது எண்டா வாங்குவாங்க. முதல் மெசினை நீங்க ஓட்டிக் காட்டுங்க. ஓடிச்செண்டா அண்டைக்கே கதிரை உங்களுக்கு.”

முதல் மெசினை வாங்க முன்வந்தவர் கண்டாவளை வேலுப்பிள்ளை. மிளகாய்த் தோட்டக்காரர். தவமணியின் தகப்பன். தவமணியை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘உத்தியோகம் இல்லாத பொடியனுக்குப் பெட்டை குடுக்கேலாது’ என்ற இடத்தில் பேச்சு நின்றிருந்தது. ஆகவே கணக்கு மிகத் தெளிவு: மெசின் ஓடினால் உத்தியோகம், உத்தியோகம் வந்தால் தவமணி. என் எதிர்காலம் முழுவதும் பச்சைப் பூச்சுப் பூசிய ஓர் இரும்புக் கட்டியின் வயிற்றுக்குள் இருந்தது.

சுபநேரம் பார்த்து மெசினைக் கிணற்றடியில் இறக்கினார்கள். அதன் நெற்றியில் திருநீறு, சந்தனம், நடுவில் குங்குமம். முன்னால் தேங்காய் உடைந்தது, கர்ப்பூரம் எரிந்தது. மழை இல்லாத மாதம். பின்னால் மிளகாய்க் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, செத்தவீட்டுக்கு வந்தவர்களைப் போல வரிசையாய் நின்றன. வேலிக் கதியாலுக்கு அங்கால் கண்டாவளையே நின்றது. குசினி வாசலில் ஒரு சேலைத் தலைப்பு அசைந்தது. போதாதா? நான் வேட்டியை ஒருமுறை உதறிக் கட்டினேன்.

பெட்டிக்குள் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று யப்பானியம், மற்றது இங்கிலீசு.

“இங்கிலீசிலயும் கிடக்குது தம்பி” என்றார் ஹனீபா முதலாளி.

“மொழிபெயர்ப்பிலை உயிர் இராது முதலாளி” என்று அதை அப்பால் போட்டேன். (இப்படிச் சொன்னவனை அங்கேயே கிணற்றில் தள்ளியிருக்க வேண்டும். அந்தக் காலத்துச் சனம் மரியாதை தெரிந்த சனம்.)

யப்பானியப் புத்தகத்தைத் திறந்தேன். பூ இல்லை. நிலா இல்லை. கொக்கு மருந்துக்கும் இல்லை. பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்ற சித்திர எழுத்துக்கள், கட்டெறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி. எனக்கு வியர்த்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால் உதடுகளை அசைத்தேன், தலையை ஆட்டினேன், ஓரிடத்தில் மெல்லச் சிரிக்கவும் செய்தேன். யப்பான்காரன் பகிடி விட்டிருக்கிறான் என்று சிலர் கூடச் சிரித்தார்கள்.

அப்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. ‘ஓட்டுவதற்கு முன் தண்ணீர் விடவும்.’ முழு வரியும் விளங்கியது! வெளியூர்ச் சந்தையில் சொந்த மச்சானைக் கண்டவனைப் போல எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஓட்ட முதல் தண்ணி விடவேணும்!” என்று கூவினேன்.

தவமணியின் தாய் ஓடிப்போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தா, மேலே ஒரு துளசியும் மிதக்க. மெசினின் உச்சியில் ஒரு மூடி பளபளவென்று மின்னியது. சாமிக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவார்கள்? தலையில்தானே. மூடியைத் திருகினேன்.

ஹனீபா முதலாளி என் காதடியில் வந்தார். “தம்பி, அது பெற்றோல் ஊத்துற வாயெல்லோ? இப்பதானே நான் அதுக்குள்ள விட்டனான்?”

“முதலாளி, நீங்கள் விக்கிறனீங்கள். நான் வாசிக்கிறனான்.”

துளசியை எடுத்துவிட்டு ஊற்றினேன். மெல்லிய நூலாக, ஒரு துளி சிந்தாமல், என் வாழ்க்கையில் வேறெந்த வேலையையும் அத்தனை அழகாக நான் செய்ததில்லை. சனம் அபிஷேகம் என்று நினைத்துக் கைகூப்பியது. யாரோ “அரோகரா” என்றார்கள்.

கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மெசின் ஓடியது!

குழாயில் கிடந்த மிச்சப் பெற்றோலில் அது ஓடுகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஹனீபா முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கி, “கதிரை உங்கட!” என்று கத்தினார். வேலுப்பிள்ளை முதல்முறையாக என்னைப் பார்த்து “மருமோன்” என்றார். அந்தச் சொல் முடிவதற்குள் மெசின் செருமியது. பிறகு இருமியது. வெள்ளைப் புகையாக ஒரு பெருமூச்சு விட்டது. நின்றது.

பிறகு நடந்தது கயிறிழுப்புப் போட்டி. நான் இழுத்தேன், ஹனீபா முதலாளி இழுத்தார், தேர் இழுத்துப் பழகிய கண்டாவளை இளந்தாரிகள் முறை வைத்து இழுத்தார்கள். கடைசியில் கயிறுதான் அறுந்தது.

வேலுப்பிள்ளை மெசினைப் பார்த்தார். மிளகாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மெசின் செத்தா மிளகாயும் சாகவேணுமோ? ஏறும் தம்பி துலாவில. இனி மெசின் நீர்தான்.”

துலா மிதிக்கிற ஆள் மன்னாருக்குப் போய்விட்டதால்தான் அவர் மெசினுக்கே சம்மதித்திருந்தார். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த நீண்ட ஏற்ற மரத்தில் ஏறினேன். கீழே கிணற்று வாயில் வேலுப்பிள்ளை தண்ணீர் மொள்ளும் பட்டையைப் பிடித்து நின்றார். முன்னால் நடந்தால் பட்டை தண்ணீருக்குள் இறங்கும், பின்னால் நடந்தால் நிறைந்து ஏறும். வானத்துக்கும் பூமிக்கும் நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். கூட்டத்தை விட்ட தனிக் கொக்கு! பிக்கு கண்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

“கவிதை பிறகு யோசிக்கலாம், காலைப் பாரும்!” என்று கீழிருந்து சத்தம் வந்தது.

தவமணி வாய்க்காலில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் மண்வெட்டி, மறுகையில் நான் அப்பால் போட்ட இங்கிலீசுப் புத்தகம். கண்டாவளைப் பெட்டைகள் இங்கிலீசு வாசிக்க மாட்டார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானாகவே முடிவு செய்திருந்தேன்.

அவள் மேலே பார்த்து, என்னிடம் பேசிய முதலாவது வசனத்தைப் பேசினாள்.

“இஞ்ச, ஓட்ட முதல் தண்ணி விடச்சொல்லித்தான் இதிலயும் கிடக்கு. குழாய் பூட்டிற பக்கத்திலை ஒரு சின்ன மூடி இருக்காம், அதுக்குள்ள. படமும் கீறி, அம்புக்குறியும் போட்டிருக்கு. யப்பான்காரன் சரியாத்தான் எழுதியிருக்கிறான். நீங்களும் சரியாத்தான் வாசிச்சிருக்கிறியள். ஓட்டைதான் பிழை.”

வேலுப்பிள்ளை சிரித்த சிரிப்பில் பட்டை கையை விட்டு நழுவியது. நான் துலாவோடு ஆகாயத்துக்குப் போய் வந்தேன்.

கிளிநொச்சியிலிருந்து ஒருவர் வந்து மெசினின் வயிற்றைக் கழுவித் துடைத்து ஓட்டிக் கொடுக்கும் வரைக்கும் ஒவ்வொரு காலையும் கண்டாவளையில் துலா மிதித்தேன். மிளகாய் பிழைத்தது. உத்தியோகம் பிழைக்கவில்லை. ஹனீபா முதலாளி மிகவும் பண்போடு சொல்லியனுப்பினார்: “தம்பிக்கு யப்பானிலேயே வேலை கிடைக்கட்டும். அதுவரைக்கும் கடைப்பக்கம் வரவேணாம்.”

பெண் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். வேலுப்பிள்ளை அப்பாவிடம் சொன்னாராம்: “உத்தியோக மாப்பிள்ளை எங்கயும் எடுக்கலாம் அண்ணை. துலா மிதிக்கிற பட்டதாரி எங்க எடுக்கிறது? மெசின் திரும்ப நிண்டாலும் எனக்குப் பயமில்லை.”

பின்னாளில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் ஆனேன். அது வேறு கதை. எங்கள் வீட்டிலோ அன்றிலிருந்து யாரும் எதையும் எதற்குள்ளும் கேட்காமல் ஊற்றுவதில்லை. விளக்குக்கு எண்ணெய் விடும்போதும், போத்தலுக்குள் தேன் விடும்போதும், கைக்குழந்தைக்கு மருந்து பருக்கும்போதும்கூட, “எந்த ஓட்டை எண்டு அவரைக் கேட்டுப்போட்டு விடுங்கோ” என்று ஒரு குரல் வரும். மூத்தவளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டாருக்கும் தெரியும். பேரன் பேத்தி பிறந்தால் அவர்களுக்கும் தெரிவிக்கப்படும்.

மகள் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள். தவமணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“படி பிள்ளை, நல்லாப் படி. கொப்பர் படிச்சு முடிச்ச கையோட உயர்ந்த இடத்திலை வேலை கிடைச்சது. கீழ நிண்ட நாங்கள் எல்லாரும் அண்ணாந்துதான் பாத்தனாங்கள்.”

மகள் தண்ணீர்க் கூசாவைத் தூக்கி என் பக்கம் சரித்தாள். சரித்த கையை அப்படியே நிறுத்தினாள்.

“அப்பா, இந்தத் தம்ளருக்குள்ளதானே?”