மூன்றாம் பத்தி வரை பொறுத்திருக்கலாம்

எதையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் புரிந்துகொள்கிறவர்கள் கவிதை எழுதக் கூடாது. எழுதினாலும் மைக்கில் வாசிக்கக் கூடாது. வாசித்தே தீர வேண்டுமென்றால், கல்யாணம் பேசி முடித்த இரண்டு குடும்பங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கூடாது. மூன்றையும் ஒரே மதியத்தில் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் மின்பொறியியல் படித்தவள். பென்னாகரம் பக்கத்துக் கிணறுகளுக்கு சோலார் பம்பு போடுவது என் வேலை. எனக்கும் கவிதைக்கும் இருந்த ஒரே சம்பந்தம் என் அக்கா ஜெனிட்டா. எம்.ஏ. ஆங்கிலம். பரீட்சைக்கு உரக்கப் படிப்பாள். அதே அறையில் நான் சர்க்யூட் வரைந்துகொண்டிருப்பேன். மற்ற கவிஞர்கள் வந்தார்கள், நிலாவைப் பார்த்தார்கள், போனார்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மெட்டாபிசிக்கல் கவிஞர்கள் வந்தபோதுதான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

அவள் படித்ததை என் வழக்கப்படி சுருக்கிக்கொண்டேன். ஒன்று, முன்னுரை கிடையாது. சண்டை நடக்கும் வீட்டின் கதவைத் திறந்ததுபோல முதல் வரியிலேயே ஆளை உலுக்க வேண்டும். இரண்டு, ஒட்டவே ஒட்டாத இரண்டு பொருள்களைப் பிடித்து ஒப்பிட்டு, கடைசிவரை விடாமல் இழுக்க வேண்டும். மூன்று, வக்கீல்போல எதிர்த்தரப்பை முதலில் பேசவிட்டு, பிறகு உடைத்து, ‘ஆகவே’ என்று முடிக்க வேண்டும். நான்கு, சாமி சமாச்சாரத்தையும் சம்சார சமாச்சாரத்தையும் கூச்சமில்லாமல் கலக்கலாம். (“இது கவிதையா, கணக்கா?” என்று கேட்டேன். “ரெண்டுந்தான்டி” என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம்.)

எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். அக்காவுக்கு மூன்றாம் ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் இரு வீட்டாருக்கும் விருந்து. மாப்பிள்ளை சேசுராஜுக்குச் சொந்த ஊர் ஏரியூர். கால்நடை ஆய்வாளர். வேலைக்காக இண்டூரில் தனியாக வீடெடுத்து இருந்தார். விருந்துக்கு முன் வாழ்த்து மடல் வாசிக்கும் பொறுப்பு எனக்கு.

திருமணத் தடை, திருமண வாழ்த்து. இதைவிட ஒட்டாத இரண்டு பொருள்கள் உலகத்தில் உண்டா? மூளை போன போக்கு அப்படி.

மைக்கைப் பிடித்தேன். “நிறுத்துங்கள். இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது.”

பிரியாணி அண்டாவில் கரண்டிச் சத்தம்கூட நின்றது. அதைக் கவிதையின் வெற்றி என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தேன். “தடை ஒன்று. மாப்பிள்ளை ஏற்கெனவே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார். இண்டூரில், அதே வாடகை வீட்டில். தினமும் அவள் கையால்தான் சாப்பாடு.”

(அவள் பெயர் தனிமை. அது மூன்றாம் பத்தியில் வரும். முன்னாலேயே சொல்லிவிட்டால் உத்தி கெட்டுவிடும்.)

“தடை இரண்டு” என்றபோது என் குரல் மைக்கில் வரவில்லை. காலையில் ஓலை வாசித்த உபதேசியார் ஒயரைப் பிடுங்கியிருந்தார்.

“மூணு வாரமா ஒருத்தரும் வாயத் தொறக்கல. இப்ப வந்து தடைங்கற. சபையில சொல்லிட்டா விசாரிச்சே ஆவணும் பாப்பா. அதுவரைக்கும் கல்யாணம் கெடையாது.”

“இது வாழ்த்துங்க.”

“இதா வாழ்த்து?”

மாப்பிள்ளையின் அம்மா மகன் பக்கம் திரும்பினார். “இதுக்குத்தான் தனியா வூடு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னியாடா?”

“எம்மா, அந்த வூட்ல நானும் ஒரு பல்லியுந்தான்.”

என் அப்பா எழுந்து, “யாருங்க அந்தப் பொம்பள?” என்று மாப்பிள்ளையைக் கேட்டார். (அப்பா கோபத்திலும் ‘ங்க’வை விடமாட்டார்.) மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அந்தப் பெண் யாரென்று தெரிந்துகொள்ளும் ஆவல் அவருக்குத்தான் எல்லாரையும்விட அதிகமாக இருந்தது.

பங்குத்தந்தையைக் கூட்டி வந்தார்கள். “பேரச் சொல்லும்மா” என்றார்.

“அது மூணாம் பத்தியில வருது ஃபாதர்.”

“பத்தியெல்லாம் வேணாம். பேரு.”

“இப்பச் சொன்னா மொத ரெண்டு பத்தியும் வீணாப் போயிடும் ஃபாதர்.”

அக்காவின் கல்யாணமே நிற்கப்போகிற இடத்தில் எனக்கு வடிவம் முக்கியமாக இருந்தது.

அக்காதான் மேடையேறி வந்தாள். அந்த மண்டபத்தில் என் உத்தி புரிந்த ஒரே ஆள் அவள். அதனால்தானோ என்னவோ, அவள் கண்ணில் தண்ணீர். தாளைப் பிடுங்கி மூன்றாம் பத்தியை, மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். அவள் பெயர் தனிமை. முதல் ஓலை வாசித்த அன்றே படுக்கையில் விழுந்தாள். தாலி ஏறும் நேரம் அவள் உயிர் போகும். ஆகவே மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். ஆகவே தடையில்லை.

உபதேசியார் யோசித்தார். “அப்ப, பொம்பளையே கெடையாது?”

“கெடையாதுங்க” என்றேன்.

“நல்ல காரியத்துல உசுரு போவுதுன்னு எழுதி வெச்சிருக்கா பாருங்க” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நல்லவேளை, சாமியையும் சம்சாரத்தையும் கலக்கும் நான்காவது உத்தி பக்கமே நான் போகவில்லை.

“தடை நீங்கிருச்சு, சாப்பிடுங்க” என்று பங்குத்தந்தை இலை பக்கம் கை காட்டினார். பிரியாணி ஆறிப்போயிருந்தது. அதற்கும் என்னைத்தான் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் அக்கா சொன்னாள். “அந்தக் கவிஞருங்க நெறையப் பேரு எழுதுனத அச்சுக்கே குடுக்கலடி. கையால எழுதி, தெரிஞ்சவங்களுக்குள்ள மட்டும் சுத்த விட்டாங்க. ஏன்னு இப்பப் புரியுதா?”

“இத நீ படிச்சுக் காட்டவே இல்லையே.”

“அது அஞ்சு மார்க் கேள்வி. சாய்ஸ்ல விட்டுட்டேன்.”

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அன்று நான் மேடைப் பக்கம் போனபோதெல்லாம் உபதேசியாரும் எழுந்து நின்றார். இன்றைக்கும் வீட்டில் நான் எந்தச் செய்தியை ஆரம்பித்தாலும், “கடைசி வரிய மொதல்ல சொல்லு” என்பார் அப்பா.

போன மாதம் அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் நாளே சேசுராஜ் மாமா எனக்குப் போன் செய்தார்.

“உங்கக்கா எப்பங்க வருவா?”

“இன்னும் கொழந்தையே பொறக்கல மாமா. ஏன், என்னாச்சு?”

“மொத சம்சாரம் திரும்பி வந்துட்டா. சாப்பாடு அவ கையாலதான். வாய்ல வெக்க முடியல.”

அவள் செத்துவிட்டாள் என்று மூன்றாம் பத்தியில் முறைப்படி நிரூபித்திருந்தேன். கணக்கில் எங்கோ ஓட்டை.