பதினாறு பே தாலி

ஒரு சொல்லின் பூர்வீகம் தெரிந்துவிட்டால், அதை நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. இந்த வியாதி என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

எங்கள் ரங்கூனில் தங்கத்துக்கு 'பே'தான் எடைக் கணக்கு. பர்மிய மொழியில் பே என்றால் பயறு. தராசில் பயறு வைத்து நிறுத்த காலத்தின் மிச்சமாக இருக்கலாம். தரத்துக்கும் அதே சொல்தான். பதினாறு பங்கும் தங்கமென்றால் பதினாறு பே, சொக்கத் தங்கம். ஒரு பங்கு கலப்பென்றால் பதினைந்து. எடையைச் சொன்ன சொல் எப்போது தரத்துக்குத் தாவியது? காரட்டும் பூர்வீகத்தில் ஏதோ மரத்து விதைதானாம். (ஆள் ஆளுக்கு ஏன் விதையையே பிடித்துக்கொண்டார்கள்?)

தாலி செய்யக் கொடுத்த அன்று பபேடான் கடைத்தெரு ஆசாரி ஊ மணியிடமும் (பர்மாவில் பெரியவர் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'ஊ') இதையே கேட்டேன்.

"தாலிக்குப் பதினஞ்சு போதும் தம்பி. பதினாறு மெத்துனு இருக்கும், வளையும்" என்றார் அவர்.

"அது கெடக்கட்டும். பயறுன்னா எந்தப் பயறு, உளுந்தா மொச்சையா?"

"எனக்குத் தெரிஞ்சது வடைக்குப் போடுற பயறுதான்."

"சரி, பதினாறே போடுங்க."

கல்யாணம் ரங்கூனிலேயே தாமுவே பேட்டைக் கோயிலில். வந்தவர்களுக்கெல்லாம் பயறு வரலாற்றைச் சொல்லி, "தாலி பதினாறு பே, தொட்டுப் பாருங்க" என்று வேறு சொல்லிவைத்தேன். முகூர்த்தத்துக்கு முன் தாலியைத் தேங்காய்மேல் வைத்து, தட்டில் சபை முழுக்கக் கொண்டுபோனார்கள். வழக்கமாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அன்று என் புண்ணியத்தில் ஆளாளுக்கு நகத்தால் அழுத்திப் பார்த்தார்கள். பல்லில் வைக்கப்போன ஒரு மாமாவை அவர் மனைவிதான் தடுத்தார்.

தட்டு திரும்பி வந்தபோது தாலி பொரித்த அப்பளம்போல் சுருண்டு கிடந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"கோணின தாலியக் கட்டினா விளங்குமா? வேற நாள் பாத்துக்கலாம்" என்றார் என் மாமியார்.

முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லை. வேறு நாள் என்று ஒன்று வரவே வராதோ என்று பட்டது எனக்கு.

மூன்றாம் வரிசையிலிருந்து ஊ மணி எழுந்து வந்தார். தாலியை வாங்கி இரண்டு கட்டைவிரலால் நீவினார். "பதினஞ்சா இருந்தா பட்டறைக்குத்தான் கொண்டுபோவணும். இது விரலுக்கே அடங்கும்" என்று தட்டில் வைத்தார். தாலி ஒருமாதிரி நிமிர்ந்திருந்தது.

மாமியார் அப்போதும் தயங்கினார். மணப்பெண் செல்வி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "வளைஞ்சாலும் நிமிருதுல்ல, அது போதும். கட்டச் சொல்லுங்க."

கட்டினேன். மூன்றாம் முடிச்சை வழக்கப்படி என் தங்கை போட்டாள்.

அன்றிலிருந்து பே என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் மட்டும் நான்காவதாக ஒரு பொருள் உண்டு. போன வாரம் மகள் புது ஃபோன் கேட்டாள். முடியவே முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்; சாப்பாட்டுக்குள் எந்தக் கடை, என்ன நிறம் என்று நானே விசாரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் செல்வியைப் பார்த்துப் பிசிறில்லாமல் சொன்னாள்:

"அம்மா, அப்பா சுத்தப் பதினாறு பே."