அம்பயரின் வலது பை

துணிகளை வாஷிங் மெஷினில் போடுவதற்கு முன் கால்சட்டைப் பைகளைத் துழாவிப் பார்ப்பது அம்பயர் வீட்டில் அவர் மனைவியின் வேலை. பந்தை எண்ணுகிற சின்னக் கருவி, மிட்டாய்த் தாள், முனை உடைந்த பென்சில் என்று ஏதாவது கிடைக்கும். அன்று காலை வலது பையிலிருந்து ஒரு தங்க மோதிரம் கிடைத்தது.

"என்னங்க, இது யாரோடது?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்பயர் தலையை நிமிர்த்தினார். மோதிரத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். விளையாட்டுப் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு படம் வந்திருந்தது. 'புயல்' என்று பேர் வாங்கிய வேகப்பந்து வீச்சாளன் முகம் சிவக்க நிற்கிறான். அவனுடைய விரல் நேராக அம்பயரின் வலது பையைக் காட்டுகிறது.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் அரையிறுதி ஆட்டம். புயலின் கடைசி ஓவர், கடைசிப் பந்து. பந்து காலில் பட்டது, அவுட் கொடுக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினான். அம்பயர் இல்லை என்று தலையாட்டிவிட்டார். ஓவர் முடிந்ததும் அவனுடைய தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கொடுத்தார். வாங்கியவன் போகவில்லை. அவர் பையைச் சுட்டிக்காட்டினான், விரலோடு விரலைத் தேய்த்துக் காட்டினான், என்னவோ சொன்னான். அரங்கத்தின் கூச்சலில் ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பையில் எவ்வளவு வாங்கிப் போட்டுக்கொண்டாய் என்று கேட்கிறான் என்பது பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

இருபத்திரண்டு வருஷ அம்பயர் வாழ்க்கையில் அவரைக் குருடு என்றிருக்கிறார்கள், செவிடு என்றிருக்கிறார்கள். ஒருத்தன் தன் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டவே வந்தான். எல்லாவற்றையும் அவர் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் விலைபோனவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஆடுகிறவர்கள் நீட்டும் ஒரு வாய் டீயைக்கூட அவர் தொட்டதில்லை. அடுத்த வாரம் நடக்கும் இறுதி ஆட்டத்தோடு ஓய்வு பெறப்போகிறார். அவர் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த நல்ல பேர் ஒன்றுதான். அதனால் அன்று மாலையே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். புயலுக்கு இந்தப் பருவத்தில் இது மூன்றாவது புகார். நிரூபணமானால் இறுதி ஆட்டத்தை வீட்டிலிருந்து டிவியில் பார்க்க வேண்டியதுதான். இன்று மூன்று மணிக்கு விசாரணை.

பந்து வீசுகிறவர்களுக்கு அம்பயர் என்றால் நடமாடும் கோட்டு ஸ்டாண்டு. தொப்பி, கண்ணாடி, கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஓடிவருவார்கள். புயல் வழக்கமாகத் தருவது தொப்பியும் கண்ணாடியும். நேற்று மட்டும் இரண்டாவது ஓவரில் விரலை உதறிக்கொண்டு வந்து, "இடிக்குது சார்" என்று மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தான். கல்யாணமாகி மூன்றே மாதம், மோதிரம் இன்னும் விரலுக்குப் பழகவில்லை. அவர் அதை வாங்கி வலது பையில் போட்டார். போட்டதோடு சரி, மறந்தே போனார்.

இதைக் கேட்டதும் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்படின்னா அந்தப் பிள்ளை உங்களைத் திட்டலைங்க. மோதிரத்தைக் கேட்டிருக்கான்."

கடைசிப் பந்து. இனிமேல் வீச ஓவர் இல்லை. தொப்பி வந்தது, கண்ணாடி வந்தது, மோதிரம் வரவில்லை. பையைக் காட்டியிருக்கிறான், விரலைத் தேய்த்துக் காட்டியிருக்கிறான். ஒரு மனிதன் வேறு எப்படித்தான் கேட்பான் என்று நினைத்தபோது அம்பயருக்கு அவமானத்தில் காது சுட்டது.

உடனே போன் பண்ணச் சொன்னாள் மனைவி. அது முடியாது. புகார் கொடுத்தவர் விசாரணைக்கு முன் ஆட்டக்காரனோடு பேசக் கூடாது என்பது விதி. அதை எழுதிய குழுவில் அவரும் ஒருவர். நேரில் போய் மேட்ச் ரெஃப்ரியிடம் மோதிரத்தை ஒப்படைத்து விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவானது. அவர்தான் விசாரணையை நடத்துகிறவர்.

அதுவரை மோதிரத்தை எங்கே வைப்பது? பையில் வைத்து வந்த வினையே போதும். விரலில் போட்டுக்கொண்டால் எப்படி மறக்கும் என்று யோசித்து, அம்பயர் அதைத் தன் மோதிர விரலில் மாட்டினார். மறக்கவில்லை. வரவுமில்லை.

சோப்பு போட்டார்கள், எண்ணெய் தடவினார்கள், ஐஸ் கட்டிக்குள் கையை முக்கி வைத்தார்கள். மனைவி ஒரு காலைக் கட்டிலில் உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள். விரல் சிவந்து வீங்கியதுதான் மிச்சம். நகைக்கடையில் கொடுத்து வெட்டிவிடலாம் என்றாள். அடுத்தவன் கல்யாண மோதிரத்தை வெட்டவா என்று அவர் பதறினார்.

"அப்ப இப்படியே போவீங்களா? நீங்க யார் மேல புகார் குடுத்தீங்களோ அவன் மோதிரத்தை நீங்களே போட்டுக்கிட்டு?"

நியாயமான கேள்வி. வாசலில் பத்திரிகைக்காரர்கள் காமிராவோடு நிற்பார்கள். உள்ளே போகும்வரை மறைத்தால் போதும் என்று ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்தாள். கட்டுகிற கை ஆத்திரத்தில் இருந்ததால் சுருள் முழுவதும் தீர்ந்துபோனது. அம்பயர் விசாரணைக்குப் போனபோது அவருடைய இடது கை ஒரு காலிஃப்ளவர் அளவுக்கு இருந்தது.

மேட்ச் ரெஃப்ரி நல்ல மனுஷர். கொஞ்சம் முன்கோபம், அவ்வளவுதான். தனியாக இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று அம்பயர் வாயெடுப்பதற்குள் கட்டைப் பார்த்துவிட்டார். என்ன ஆயிற்று என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவுட், நாட் அவுட் தவிர வேறெதுவும் சொல்லிப் பழக்கமில்லாத அம்பயருக்குப் பொய் சரியாக வரவில்லை. கதவில் நசுங்கிவிட்டது என்று முனகினார்.

"எந்தக் கதவு?"

"வீட்டு... வெளிக்கதவு."

"யாரு சாத்தினாங்க? தைரியமா சொல்லுங்க. இவனோட ரசிகர்கள் வீடு தேடி வந்தாங்களா?"

இல்லை என்று அம்பயர் வேகமாகத் தலையாட்டினார். அந்த வேகத்தில் ரெஃப்ரிக்குப் பயம்தான் தெரிந்தது. அம்பயரை மிரட்டுகிற காலம் வந்துவிட்டதா என்று மேஜையைத் தட்டினார். தண்ணீர் டம்ளர்கள் குலுங்கின. ஒரே ஒரு ஆட்டம் இல்லை, வருஷம் முழுக்க இவன் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்றார்.

எதிர் நாற்காலியில் புயல் நாடி தளர்ந்து உட்கார்ந்திருந்தான். ராத்திரி தூங்காத கண். நகக்கண்களில் என்னவோ கறுப்பாக அழுக்கு அப்பியிருந்தது. அம்பயர் அவனைப் பார்த்தார், அவன் மேஜையைப் பார்த்தான்.

சுவரிலிருந்த டிவியில் நேற்றைய காட்சியை ஓடவிட்டார்கள். முதலில் சாதாரண வேகத்தில், பிறகு மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக. விரல் பையைக் காட்டுகிறது, விரல் விரலைத் தேய்க்கிறது. ரெஃப்ரிக்கு அது அயோக்கியத்தனமாகத் தெரிந்தது. அம்பயருக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு புது மாப்பிள்ளை தன் கல்யாண மோதிரத்தைக் கெஞ்சிக் கேட்பதாகவே தெரிந்தது. நாலாவது முறை ஓடும்போது அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்.

ஒரு சுருள் பேண்டேஜ் பிரிய நேரமாகும். அறை முழுவதும் அந்தக் கையையே பார்த்தது. கடைசிச் சுற்றும் விழுந்தபோது, வீங்கிய விரலில் மோதிரம் மின்னியது. அம்பயர் ஒன்றையும் மறைக்கவில்லை. இரண்டாவது ஓவர், வலது பை, வாஷிங் மெஷின், சோப்பு, ஐஸ் கட்டி எல்லாவற்றையும் சொன்னார். பிறகு புயல் பக்கம் திரும்பினார்.

"என் பேர் கெட்டுடும்னு பயந்து உன் பேரைக் கெடுத்துட்டேன். உன் பொருளைத்தான் நீ கேட்டே. நான் உன் மேலயே புகார் குடுத்தேன். அப்பவும் பத்திரிகைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விதியை மதிச்சு வாயை மூடிக்கிட்டு இருந்தே பாரு, அதுக்கு நான் உனக்குக் கடமைப்பட்டிருக்கேன். என்னை மன்னிச்சிடுப்பா."

புயல் வாயைத் திறந்தான். மூடினான். மோதிரத்தைப் பார்த்தான், டிவியில் உறைந்து நின்ற தன் விரலைப் பார்த்தான்.

"ஏம்ப்பா, நீ கேட்டது மோதிரத்தைத்தானா?" என்றார் ரெஃப்ரி.

 புயல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"அம்பயர் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

அம்பயருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தை எவன் வாயிலிருந்தாவது கேட்டுவிட மாட்டோமா என்று இருபத்திரண்டு வருஷம் வெயிலில் நின்றவர் அவர்.

புகார் அங்கேயே கிழிக்கப்பட்டது. அணியின் பிசியோதெரபிஸ்ட் வந்து விரலில் நூலைச் சுற்றி இரண்டே நிமிடத்தில் மோதிரத்தைக் கழற்றிவிட்டார். புயல் அதை வாங்கிக்கொண்டு அம்பயரின் வீங்கிய கையை இரண்டு கைகளாலும் பிடித்தான். விடவே இல்லை. அவன் காது மடல்கள் செக்கச்செவேலென்றிருந்தன. இனிமேல் நீங்கள் எது கொடுத்தாலும் திரும்பிப் பார்க்காமல் போவேன் சார் என்று சொன்னான். இவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளையையா தப்பாக நினைத்தோம் என்று அம்பயர் உருகினார். பையைத் துழாவிப் பார்த்த மனைவிக்கும், வெட்டாமல் விட்ட மோதிரத்துக்கும், ஓய்வு பெறுவதற்குள் இப்படி ஒருத்தனைக் காட்டிய விளையாட்டுக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்.

நடைபாதை பெஞ்சில் புயலின் மனைவி காத்திருந்தாள். முன்னால் வெளியே வந்த புயல் உள்ளே நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து கைகூப்பினாள்.

"உன் வீட்டுக்காரர் நேத்தே எங்கிட்ட எவ்வளவோ கேட்டாரும்மா. எனக்குத்தான் புரியல" என்றார் அம்பயர்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றாள் அந்தப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நேத்து ரூமுக்கு வந்ததுலேர்ந்து மோதிரத்தைக் காணோம்னு குளியலறைக் குழாயெல்லாம் கழட்டிப் போட்டுத் தேடிட்டிருந்தார். உங்ககிட்ட குடுத்து வெச்சதே, இப்ப நீங்க உள்ள சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்துச்சாம்."